ஆல் இன்னுல கிட்டின சாவல்

கொத்தாது அண்ணா, பேடிக்காதீங்க! அது சும்மா ஒங்க சட்டப் பட்டனைப் பாக்கு... எலே, சும்மா இரி! செத்த அந்தால நீங்கி இருங்கண்ணா, பைக்குள்ள அதுக்குக் காலு நீட்ட எடமில்லை. அந்தா, கண்டக்டர் சேட்டன் சாவலுக்கும் டிக்கெட்டு வேணுமான்னு கேட்டுட்டுப் போறாரு. பாறசாலையில ஒரு கோழிச் சாவலைக் கொண்டு பஸ் ஏறினா இந்த நாட்டுக்கே சிரிப்பாக்கும்!

இல்லை, கறிக்கில்லை. நான் நெய்யாற்றின்கரையில ஏசி ரிப்பேர் படிக்கச் சேரப் போறேன்... ஆமா, பொம்பளப்பிள்ளதான். அதுக்கென்ன? ஏசிக்குத் தெரியுமா யாரு தொறந்ததுன்னு? இன்னைக்கு உச்சைக்கு முன்ன அட்வான்ஸ் கெட்டணும், இல்லன்னா சீட்டு வேற ஆளுக்குப் போவும். அம்மை தந்த அட்வான்ஸாக்கும் இப்பம் இந்தப் பைக்குள்ள இருந்து ஒங்களைப் பாக்கது.

சிரிக்காதீங்க! எனக்கு இந்த ஒரு வாரமா நேரம் செரியில்லை. பேட் பீட்டு மேல பேட் பீட்டு... தெரியாதா? செரி, சீட்டுக்களி தெரியும் இல்லியா? இது போன்ல, போக்கர். ஐயோ, பைசா வச்சொண்ணும் இல்லை! சும்மா சிப்ஸ், காசுக்குப் பதிலா உள்ள பொய் வில்லை, அதைக் கொண்டு ஒரு மிட்டாய் வாங்க ஒக்காது. ஆனா தோத்தா வயிறு எரியும் பாத்தியளா, அது நெசமான எரிச்சல்.

கேளுங்க. ஒங்க கையில ரெண்டு சீட்டு, அது வேற யாருக்கும் தெரியாது. நடுவுல மூணு சீட்டை மலத்திப் போடும், அதாக்கும் ஃப்ளாப்பு. பிறகு ஒண்ணு, பிறகு கடைசியா ஒண்ணு. வெள்ளியாச்ச எனக்குக் கையில ரெண்டு ஏஸ். ஃப்ளாப்புல ஒரு ஏஸ், ஒரு ஏழு, ஒரு ரெண்டு. மூணு ஏஸ் ஆச்சா? மூணு அண்ணா! நான் கட்டில்ல ஏறிச் சாடினேன். ஆல் இன்! உள்ளதெல்லாம் நடுவுல தள்ளியாச்சு. எதுத்தாப்புல எனக்க மாமனுக்க மொவன் அஜீஷ். அவனுக்க கையில ரெண்டு ஏழு. கட்டுல மிச்சம் ஒரே ஒரு ஏழுதான் கெடக்கு. ஒண்ணே ஒண்ணு! கடைசிச் சீட்டு என்ன வந்துது... ஆங்! ஒங்களுக்கே தெரிஞ்சு போச்சு! அந்தச் சவத்து ஏழுதான்! எனக்கு மூணு ஏஸ், அவனுக்கு நாலு ஏழு! நாம செய்ததெல்லாம் செரி, ஆனாலும் தோத்துப் போவோம். இதுக்குப் பேருதான் பேட் பீட்டு. மறுநாளு அவன் எங்க மதில்ல ஏறி நிண்ணு ஏழு வெரலைக் காட்டுதான். எனக்குச் சோறு எறங்குமா?

ஆனா ஃப்ளாப்பைப் பாத்து ஆபத்தைக் கண்டுபிடிக்க என்னைப்போல ஆளு கெடையாது, கேட்டியளா? எட்டு, ஒம்பது, பத்து, மூணும் ஒரே இனம், ஆடுதன்னு மலந்துதுன்னு வைங்க. கையில ரெண்டு ஏஸ் இருந்தாலும் சீட்டைப் போட்டுட்டு ஓடணும். எதுத்தவன் கையில என்ன வேணும்னாலும் காணும். அஜீஷ் நிப்பான். நான் ஓடுவேன். அப்பிடிப்பட்ட நானாக்கும் நேத்து லேலத்துல போய் மாட்டினது!

நேத்து எங்க சபையில அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிஞ்சா முற்றத்துல காணிக்கைச் சாமானெல்லாம் லேலம் போடுவாவ, கூடுதல் வெலை கேட்ட ஆளுக்கு. சக்க, வாழக்கொலை, முட்ட... சாவலு மட்டும் வருசா வருசம் கனகதாஸ் மாமனுக்குத்தான். அவரு விட்டுக்கொடுக்க மாட்டாரு. அதனால எளையதுக எல்லாம் சேந்து சும்மா கேட்டுக் கேட்டு வெலையை ஏத்தி விடுவோம். கடைசியில அவரு எடுப்பாரு. சபைக்குப் பைசா, எங்களுக்குச் சிரிப்பு. இதுவரைக்கும் ஒருத்தரும் மாட்டினதில்லை!

நேத்தைக்கு மத்தவங்க ரெண்டு தடவை கேட்டுட்டு நிறுத்தியாச்சு. நான் நிறுத்தல்லை. மாமன் வாயைத் தொறக்கல்லை, முகத்துல ஒரு அசைவில்லை, தலையை மட்டும் ஆட்டுதாரு. ஓ, இது கையில நல்ல சீட்டு உள்ள ஆளுக்க முகமாக்கும், இவரு விடப் போறதில்லைன்னு நான் நெனச்சேன். ஏத்தினேன். ஆட்டினாரு. ஏத்தினேன். ஆட்டினாரு. கூடப் படிச்ச நிஜின் எனக்க கையைப் பிடிச்சு இழுக்கான். ‘போலே’ன்னு தட்டி விட்டுட்டு, அட்வான்ஸ் எவ்வளவோ அதை அப்பிடியே உரக்கச் சொன்னேன். ஆல் இன்! மாமன் வாயைத் தொறந்தாரு அண்ணா...

பல்லில்லை! ஒரு பல்லு கூட இல்லை! வியாழனாச்ச மொத்தமும் பிடுங்கியாச்சாம்! சபை முழுக்கத் தெரியும். அவருக்காக ஜெபம் வேற செய்தாவளாம், நான் அப்பம் பெஞ்சுக்கு அடியில போனைப் பாத்துட்டு இருந்தேன். “நீயே கொண்டு போ ரெஜிலா மோளே, எனக்குக் கஞ்சிதான்”னாரு. பின்ன எதுக்கு ஓய் தலையை ஆட்டினீருன்னு கேட்டா, சபைக்கு நாலு காசு ஏறட்டேன்னாரு! பாத்தியளா? நான் அவரை ஏத்தி விடல்லை, அவரு என்னை ஏத்தி விட்டிருக்காரு! முற்றமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், சத்தியமா, வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

“வேண்டாம்னா வேண்டாம் மக்களே, திரும்ப லேலம் போடலாம்”னு செயலாளர் தங்கையன் சொல்லத்தான் செய்தாரு. நானாக்கும் வீராப்புல அம்மை தந்த பைசாவைக் கவரோட எடுத்து நீட்டினது... செரி செரி, இது பேட் பீட்டில்லை. அப்பிடிப் பாக்காதீங்க, ஒத்துக்கிட்டேன்லா!

அது போவட்டும். இதை வித்தாத்தான் நான் அட்வான்ஸ் கெட்ட முடியும். ஒங்களுக்குச் சாவல் வேணுமா அண்ணா? தூக்கிப் பாருங்க. கனம் பாத்தியளா? நாட்டுச் சாவல், ஜெபிச்ச சாவலாக்கும்... என்னது, மச்சினன் கல்ஃபுல இருந்து வந்தாச்சா? உச்சைக்கு வீட்டுல ஊணா? கடையில ஒண்ணும் கிட்டல்லியா? அம்மோ!

நான் கெட்டினது அப்பிடியே தருவியளா? முழுசும்?

ம்... இல்லை, யோசிக்கேன். ஒங்க கை பாக்கெட்டுக்குள்ள போயாச்சு, கண்ணு அதுக்க கொண்டையிலயே நிக்கு. எனக்கு ஆளைப் பாத்தாத் தெரியும் அண்ணா. இன்னும் கொஞ்சம் கூட்டித் தாங்க. நெய்யாற்றின்கரையில ஒரு ஆளு இதுக்குன்னே காத்து நிக்காரு, இதைவிடக் கூடத் தருவாராம். வேணும்னா வாங்குங்க, எனக்கொண்ணும் நிர்பந்தமில்லை.

எழும்புதியளா? ஹஹ, இது ப்ளஃப்பு! எனக்குத் தெரியாதா! அமரவிளை வந்தாச்சுன்னு சும்மா எழும்பி நிண்ணா நான் எறங்கி வருவேன்னு பாத்தியளா? நில்லுங்க, நில்லுங்க, நல்லா நில்லுங்க...

அண்ணா?

அய்யோ, நெசமா எறங்கியாச்சே! அண்ணா! இங்க, சன்னல்ல! சொன்னதே தந்தாப் போரும்! அதுலயும் கொறச்சுத் தாங்க! சேட்டா, பெல்லடிக்காதீங்க, ஒரு மினிட்டு! அண்ணா, திரும்பிப் பாருங்க! நெய்யாற்றின்கரையில ஆரும் நிக்கல்லை! ஒருத்தனும் நிக்கல்லை அண்ணா!