வறண்ட ஊர்க் காற்றில் ஏது தண்ணீர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் மடியில் ஓர் இரும்புத் தகட்டை வைத்திருந்தார். பக்கத்திலிருந்த பெரியவரிடம், “தண்ணி கெடுத்த இரும்பு மாமா இது” என்றார்.

“துருப்பிடிச்சிருச்சா மாப்ள?”

“நேத்து வெட்டுனது, எங்கிட்டுத் துரு? டிராக்டர் கலப்பைக்கு மாட்டுற தகடு. பட்டறைக்காரன், கம்ப்யூட்டர் பிளாஸ்மா மிஷின் நெருப்புல வெட்டித் தாரேன்னான். ஓட்டையப் பாருங்க, மேல வட்டம், கீழ கோழிமுட்டை. போல்ட்டு பாதியில நின்னுக்கிருது.”

“கம்ப்யூட்டர் தப்பா வரைஞ்சிருக்கும்.”

“படம் சரிதான் மாமா. அந்த நெருப்பு காத்தை வச்சுத்தான் வெட்டுது. காத்துல ஈரம் ஏறுனா மிஷின் முனை அரிச்சு, ஓட்டை கோணிரும். காத்தை அடைச்சு வைக்கிற கம்ப்ரசர் டேங்குல சேர்ற தண்ணியத் தெனமும் தொறந்து விடணும். தொறந்தியான்னு கேட்டா, ‘வறண்ட ஊருல காத்துல ஏதுண்ணே தண்ணி’ங்கிறான்.”

“அவன் கேட்டதுல என்ன தப்பு?”

“நீங்களுமா மாமா. நானே குனிஞ்சு வால்வைத் தொறந்தேன். அரை வாளித் தண்ணி, செக்கச்செவேல்னு. கடை போட்ட நாள்ல இருந்து தொறக்கல.”

“பெறகு இத எதுக்குச் சுமந்துக்கிட்டு வாரீக?”

“அங்கன விட்டா இன்னொருத்தன் தலையில கட்டிருவான். முனைய மாத்தி, புதுசா வெட்டித் திங்கக்கிழமை தாரானாம்.”

“தரட்டும், என்ன அவசரம்?”

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கரிசல் இன்னும் கறுப்பாக நனைந்திருந்தது.

“முந்தாநாத்துப் பேஞ்ச மழை மாமா. விதைக்கணும். திங்கக்கிழமை வரைக்கும் ஈரம் நிக்கிறதுக்கு, இதென்ன அவன் டேங்கா?”