ஜோடி பிளேடு

— கழுகு தம்பி, கழுகு! றெக்கையை விரிச்சா எங்க வீட்டு வாசக்கதவு அகலம் இருக்கும். நேரா இன்ஜினுக்குள்ள பாய்ஞ்சிருக்கு. அதான் அந்த ‘டமார்’!

— புறா. நீங்க பயப்படாதீங்க தம்பி. கிளம்பின உடனே ஒரு புறா இன்ஜின்ல மாட்டிக்கிச்சு. பைலட் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து இறக்கிட்டார். அவ்வளவுதான்.

— சாருக்கு இன்ஜின் பத்தியெல்லாம் தெரியுமாம்மா?

— காலம் பூரா விமான இன்ஜின் மெக்கானிக்கா இருந்தார். ரிட்டயர் ஆகியும் பிளேடு போடறதை விடலை.

— மகாராணி, கண்ணாடி வழியாப் பாரு! ஏணி போட்டு மெக்கானிக் ஒருத்தன் ஏறிட்டான். அந்த முன்பக்க விசிறியைக் கையால மெல்லச் சுத்தி, ஒவ்வொரு பிளேடா விரலால தடவிப் பாக்கறான். தம்பி, எங்க ஷெட்டுக்கு ஒரு விமானம் வந்துச்சு. நாரை அடிச்சு அத்தனை பிளேடும் வாழைப்பூ மடல் மாதிரி விரிஞ்சு நிக்குது!

— ஒரே ஒரு பிளேடு. நுனி காது மாதிரி மடங்கியிருந்துச்சு. நானும் அதே ஷெட்டுலதான் தம்பி, ஸ்டோர்ல வேலை. புதுசை எடுத்துக் கொடுத்ததே நான்.

— ரெண்டு கொடுத்தே!

— ஆமா, ரெண்டு. அடிபட்டது ஒண்ணு, அதுக்கு நேர் எதிர்ல இருக்கறது ஒண்ணு. எடை ஒத்துப்போற ஜோடியாப் பாத்துத்தான் மாத்துவோம். ஒத்தையா மாத்தினா விசிறி ஆடிடும்.

— அப்ப சார் சொல்றதுல நிஜம் எவ்வளவும்மா?

— பத்துல ஒண்ணு. நான் கழிச்சுச் சொல்றேன், நீங்க அதை மட்டும் எடுத்துக்குங்க.

— இருங்க, அறிவிக்கறாங்க... அடுத்த விமானத்துல ரெண்டே சீட்டாம். வரிசையில நான் முன்னாடி இருக்கேன். எனக்கு ஒண்ணு, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு.

— நீ கிளம்பு மகாராணி. பொண்ணுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. தலைப்பிரசவம். அம்மாதான் பக்கத்துல இருக்கணும்.

— போன்ல அவ கேட்டது உங்களைத்தான். ‘அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா, அவர் அளந்து விட்டா வலி தெரியாது’ன்னா. சின்ன வயசுல முட்டி கிழிஞ்சு தையல் போட்டப்பவும் உங்க கதையைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தவ. நான் மட்டும் போய் என்ன பண்ண? ‘புறாடி, வெறும் புறா’ன்னு சொல்லவா?

— தையல் போட்டப்ப அவ கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு? நீதானே!

— அதைத்தான் சொல்றேன். காலம் பூரா பிளேடை ஜோடியா மாத்திட்டு, இப்ப என்னை ஒத்தையா அனுப்பறீங்க. தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க சீட்டை எங்களுக்கு விட்டுக் கொடுத்துட்டு, நாளைக்குப் போக முடியுமா?

— மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்கு லீவு. வீட்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் தூங்கணும்னு இருக்கேன்.

— தூங்கவா?

— ஒரு வாரமா நினைச்சுக்கிட்டிருக்கேன்மா.

— விடு மகாராணி. தம்பி, நல்லாத் தூங்குங்க. ஆனா போற வழியில ஒரு ஏரி வரும். அந்த ஏரிப் பறவை ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி சைஸ்! முழு பிளேடையே முழுங்கும்!

— போதும் சார், உங்க கதையெல்லாம் எனக்குப் பிடிபட்டுடுச்சு. அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன். கன்னுக்குட்டி சைஸா?

— சேச்சே, கன்னுக்குட்டியா? உங்களைப் பயமுறுத்த வேணாம்னு இவர் குறைச்சுச் சொல்றார் தம்பி. எருமை.