மூன்றாம் வீட்டு அடுப்பு

கதவை இழுத்துச் சாத்துங்கள், குளிர் வருகிறது. இது என் சிநேகிதி மெங்கியாவின் அண்ணன் பைடருக்கு நடந்தது.

அக்டோபர் கடைசி. மாலை ஐந்து மணி. மலைமேல் மேய்ச்சல் வெளிக்கு ஏறும் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. மாடுகளைக்கூடக் கீழே ஓட்டிப் போய்விட்டார்கள். மேலே, மூவாயிரம் வருடத்துக்கும் முந்தைய குடியிருப்பு ஒன்றைத் தொல்லியல்காரர்கள் கோடை முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்; பைடரும் அவர்களோடு வேலை செய்தார். அன்றோடு வேலை முடிந்தது. பனி கொட்டுவதற்குள் குழிகளைத் தார்ப்பாயால் மூட வேண்டும்.

"நீங்கள்லாம் கிளம்புங்க. நான் மூடிட்டு வர்றேன். வீட்ல எனக்கு யாரு காத்திருக்கா?" என்றார் பைடர். அவர் மனைவி நேசா அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தாள்.

மூடுபனி இறங்கியது. மூன்றாம் வீட்டுக் குழியில் களிமண் அடுப்பு ஒன்று குலையாமல் இருந்தது. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்தபோது... வாசனை. வேகிற பார்லி. ஈர விறகுப் புகை.

அப்புறம் ஒரு பெண்ணின் குரல். தெரியாத பாஷை. ஒரே ஒரு சொல்... கொஞ்சம் விட்டு, மறுபடியும் அதே சொல். சாப்பாட்டு நேரத்தில், வெளியே போனவனைக் கூப்பிடுகிற குரல். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பைடரை அப்படி யாரும் கூப்பிட்டு ஆறு மாதமாகிறது. வாய் தவறி, "இதோ வர்றேன்" என்றுவிட்டார்.

குரல் நின்றது.

பாயின் அடியில், அடுப்புப் பக்கம்... யாரோ நகர்ந்து இடம் விடுகிற சரசரப்பு.

பைடர் ஓட்டமாக மலையிறங்கி, மெங்கியா நடத்தும் விடுதிக்குள் வந்து விழுந்தார்.

"என்ன பைடர், கரடி துரத்துச்சா?" சீட்டாடியவர்கள் சிரித்தார்கள்.

மெங்கியா சிரிக்கவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கேட்டாள். "அண்ணே, இன்னிக்கு இங்கயே படுத்துக்க."

"பயமெல்லாம் இல்ல மெங்கியா. வர்றேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேனே... அதான் உறுத்துது."

விடிந்தபோது படுக்கை காலி. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. மேலே போய்ப் பார்த்தார்கள். கட்டிய பாய் கட்டியபடியே இருந்தது. குழிக்கு வெளியே, இன்னும் தோண்டாத புல்தரையில், பனிமேல், அவருடைய பூட்ஸ் இரண்டும்... அருகருகே, ஒழுங்காக, கழற்றி வைக்கப்பட்டிருந்தன. ஆள் இல்லை. இன்றுவரை இல்லை.

அந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது தோண்டினவர்களுக்குக் கடைசிவரை பிடிபடாமலே இருந்தது. அடுத்த கோடையில், பூட்ஸ் கிடந்த இடத்தை ஒரு முழம் தோண்டினார்கள்.

வாசற்படிக் கல். கால் பட்டுப் பட்டு நடுவில் தேய்ந்து போயிருந்தது.