காலியாக விடவேண்டிய கட்டம்

— சீ! வெறுத்துப் போச்சுக்கா. பார்வையில்லாதவங்களுக்குன்னே ஒரு வேலை ஒதுக்கினோம். புகார் சொல்றவங்க போனை எடுத்துப் பேசற வேலை, அவ்வளவுதான். ஒரு மாசம் இணையதளத்துல திறந்தே கிடந்துச்சு. ஒருத்தர்கூட விண்ணப்பிக்கலை.

— சட்டையை இப்படிக் கொடு. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, கையை இடையில நீட்டாதே.

— மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி வாங்கின வேலைக்கா அது. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றார், "அவங்களுக்கெல்லாம் வீட்ல உக்காந்து சாப்பிடத்தான் ஆசை போல"ன்னு. நாளைக்கு அந்த வேலையையே தூக்கிடப் போறாங்க.

— நீ என்ன சொன்னே?

— என்ன சொல்ல? ஆமாம் சார்னேன்.

— ஆமாம் சார். நல்லா இருக்குடா. எனக்கும்தான் கண்ணு தெரியாது. நீ விண்ணப்பம் போடுக்கான்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— உனக்கென்னக்கா குறை? வீட்ல ராணி மாதிரி இருக்கே.

— ராணிதான். உன் காலரைத் தேய்ச்சுக்கிட்டு. சரி, அந்த விண்ணப்பப் பக்கத்தை நீதானே செஞ்சே? எந்தப் படத்துல பஸ் இருக்குன்னு கேக்கற கண்றாவியை வச்சியா?

— சேச்சே! அதை வச்சா நீ என்னைத் தோலை உரிச்சுடுவே. அன்னிக்கு டிக்கெட் போட உக்காந்துட்டு நீ போனையே விட்டெறிஞ்சது மறந்துபோச்சா?

— எறியாம? காதால கேக்கலாம்னு ஒரு பட்டன் வேற. அமுக்கினா நாய் வாந்தி எடுக்கற மாதிரி ஒரு சத்தம். அதுல நம்பரைக் கண்டுபிடிக்கணுமாம். நான் மனுஷிதான்னு ஒரு மெஷின்கிட்ட கெஞ்சணும். தூ! அது இல்லேன்னா குப்பை மெயிலை எப்படித் தடுத்தே?

— அங்கதான் என் மூளை! "மாற்று போன் நம்பர்"னு ஒரு கட்டத்தை ஒளிச்சு வச்சேன். திரையில யார் கண்ணுக்கும் தெரியாது. குப்பை அனுப்பற ப்ரோக்ராம் மட்டும் கண்டதையும் நிரப்பும், அதையும் நிரப்பும். நிரப்பினா மாட்டிக்கிச்சு. மனுஷங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

— என் போன்ல ஒரு குரல் பக்கத்தைப் படிச்சுச் சொல்லுதே, அது எதைப் படிக்குது? திரையில தெரியறதையா, நீ உள்ளே எழுதி வச்சதையா?

— உள்ளே எழுதினதை...

— ம்.

— ஐயோ. அக்கா, அந்தக் கட்டத்தையும் படிச்சிருக்கும்.

— படிச்சா கேக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

— நிரப்புவாங்க.

— அப்புறம்?

— "நன்றி, உங்க விண்ணப்பம் வந்து சேர்ந்தது"ன்னு வரும். குப்பை அனுப்பறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு அப்படி வச்சேன். ஆனா உள்ளே நேரா குப்பைத் தொட்டிக்குப் போயிடும்.

— கும்பிட்டு வாங்கி, குப்பையில போட்டிருக்கே. கண்ணு தெரியறவன் தப்பிச்சுக்குவான், தெரியாதவன் மட்டும் விழணும். அப்படி ஒரு பள்ளம் நீ வெட்டினது.

— வேணும்னு பண்ணலைக்கா. இரு, லேப்டாப்பை எடுக்கறேன். தொட்டியைத் திறந்து பேரையெல்லாம் எடுத்துட்டா நாளைக்கு அவர் மூஞ்சியில வீசிடலாம்.

— திற. எத்தனை பேர்?

— பாஸ்வேர்டு போடறேன், இரு.

— எத்தனைடா?

— காலியா இருக்கு. வாராவாரம் திங்கட்கிழமை காலையில தானா அழியற மாதிரி வச்சதும் நான்தான். இன்னிக்கு அழிஞ்சிருக்கு.

— எவ்வளவு சுத்தம். பெருக்கித் துடைச்சு வச்சிருக்கே.

— திட்டுக்கா, திட்டு. "யாராவது போட்டிருக்கலாம் சார்"னு போய் நின்னா சிரிப்பாங்க. ஒரே ஒரு பேர் கையில இருந்தா போதும், அந்த வேலையைத் தூக்க விடமாட்டேன். யாருன்னு நான் எங்கே போய்த் தேட?

— தேடாதே. மூணாவது நாளே நான் போட்டேன், வேலை கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். மாற்று நம்பர் கேட்டுச்சு, உன் நம்பரைத்தான் கொடுத்தேன்.