பொண்ணு ஏறுற வண்டி

மூடு பார்த்திபா, அந்த டிக்கிய மொதல்ல மூடு. ஸ்டெப்னி வைக்கிற குழில இன்னும் சேறு காஞ்சி கெடக்குது, நீ இன்னாடான்னா ஒரே ஓனர் வண்டி, டாக்டர் வச்சிருந்ததுன்னு கத வுடற. எந்த டாக்டருபா ஏரிக்குள்ள வண்டி ஓட்டுனான்? வெள்ளத்துல முங்குன வண்டி இது. ஏசியப் போட்டா எலி செத்த நாத்தம் வருது. வாசன டப்பா மூணு தொங்கவுட்டா அது போயிடுமா? இந்தக் கதவப் பாரு, தட்டுனா தகர சத்தமே வரல, மொத்தமும் பட்டி பூசி மெழுகியிருக்குது. பெயிண்ட் அடிச்சவன் கொஞ்சம் வெக்கப்பட்டிருக்கலாம்.

கோவமெல்லாம் இல்லபா. அருவருப்பா இருக்குது, அவ்ளோதான்.

எடுத்துக்கறேன். எடுத்துக்க மாட்டேன்னு சொன்னனா? என் வண்டிய நீ எடுத்துக்கோ, இத எனக்குக் குடு, மேல நீ குடுக்கறதக் குடு. பேரம் பேசற தெம்பு எனக்கு இல்ல.

அப்டி மொறைக்காத. ஆமா, புளியமரத்தாண்ட நிக்குதே வெள்ள வண்டி, அதான். பன்னெண்டு வருசமா வாடகைக்கு ஓட்டறேன், ஒரு நாளு ரோட்ல நின்னதில்ல. அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டத்துல ஊந்து ஊந்து போவேன், சூட்டு முள்ளு ஏறாது. கோட்ட பாக்க வர்றவங்க, ஆஸ்பத்திரி சவாரி, எல்லாத்துக்கும் மேல கல்யாணம். செஞ்சியில பொண்ணழைப்புன்னா தோமினிக் வண்டியக் கூப்புடுன்னுவாங்க. நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற ஆளு, ஆனா சகுனம் பாக்கறதுல கல்யாண வூட்டுக்காரங்கள மிஞ்சிடுவேன். பூ கட்டிட்டா, பொண்ணு ஏற வரைக்கும் வேற யாரையும் ஏத்த மாட்டேன். என் பொண்டாட்டி லூர்துமேரியக் கூட ஏத்துனதில்ல. அதுக்குத்தான் என்ன நம்பி கூப்புடறது.

தெரியும்பா, நீ கேப்பன்னு. இப்டி வண்டிய வச்சிக்கினு எதுக்கு இந்தக் கழிசடைக்கு வந்து நிக்கறன்னு. லூர்துமேரியும் அதத்தான் கேட்டா. டீசல் வெலன்னேன். முதுகுவலின்னேன். அவ மூஞ்சத் திருப்பிக்கினா.

நீ ஆரணிக்காரன், இங்க பழைய வண்டிக் கட போட்டே ரெண்டு மாசந்தான் ஆவுது. எங்க ஸ்டாண்டுக்குப் பக்கத்துல பஞ்சர் கட வச்சிருந்தாரு முருகையன்னு ஒருத்தரு. உனக்குத் தெரியாது. என் வண்டிக்குக் காத்து புடிச்சா காசு வாங்க மாட்டாரு, நம்ப வண்டிம்பாரு. எட்டு மாசம் ஆச்சு. அன்னிக்கு அனந்தபுரத்துல கல்யாணம், விடியக்காலம் வண்டிக்குப் பூ கட்டி முடிச்சி, சாவி போடறேன். அவரு பொண்டாட்டி மீனம்பாக்கா அவரத் தோள்ள சாச்சி இழுத்துக்கினு வருது. நெஞ்ச அடைக்குதாம். சட்டையெல்லாம் வாந்தி. ஆட்டோ ஒண்ணும் இல்ல அந்நேரத்துக்கு. பெரியாஸ்பத்திரி அஞ்சு நிமிசம்பா, அஞ்சே நிமிசம்.

நான் சொன்னேன், அக்கா, இது பொண்ணு ஏறுற வண்டி, ஆம்புலன்சு வந்துடும்னு. சொன்னது வாயி. கண்ணு சீட்டத்தான் பாத்துது. மொத நாளுதான் புது உறை போட்டிருந்தேன், வெள்ள உறை. இத இது வரைக்கும் பாதருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லலபா. சகுனம்னு மட்டுந்தான் சொல்லி வச்சிருக்கறேன்.

ஆம்புலன்சு வேற யாரையோ ஏத்திக்கினு விழுப்புரம் போயிருந்துது, அதக் குத்தம் சொல்ல முடியாது. கடசில பால் வண்டிக்காரன் ஒருத்தன் வந்தான். ஒரு வார்த்த கேக்கல. கேனுங்கள ரோட்ல எறக்கி வச்சிட்டு ஏத்திக்கினு போனான். போற வழியிலயே முடிஞ்சி போச்சு.

என்ன யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் தாங்கல. ஸ்டாண்டுல எல்லாம், நீ இன்னா பண்ணுவ, கல்யாண வண்டியாச்சேங்கறானுங்க. அனந்தபுரத்துப் பொண்ணூட்டுக்காரங்க அதக் கேள்விப்பட்டு எனக்கு வேட்டி சட்ட வச்சிக் குடுத்தாங்கபா, நல்ல ஆளுன்னு. அதையும் வாங்கிக்கினு வந்தேன் நானு. த்தூ.

மீனம்பாக்காவா? அதுவும் அப்டித்தான். சாவு வூட்ல என் கையப் புடிச்சிக்கினு, உம்மேல தப்பில்ல தோமினிக்குன்னு சொல்லிச்சு. ஒப்புக்கு சொல்லலபா, மனசார சொல்லிச்சு. ரெண்டு அறை வுட்டிருந்தா இன்னிக்கு உன் கடையாண்ட வந்து நிக்க மாட்டேன்.

சாவி எங்க, குடு. பேரு மாத்தறதெல்லாம் அப்புறம், வண்டி இன்னிக்கே கை மாறணும். எங்கியாவது தூரமா அனுப்பிடு, இந்த ஊர்ல நிறுத்தாத.

அவசரந்தான். புதன்கெழம மீனம்பாக்கா பொண்ணு ரஞ்சனிக்குக் கல்யாணம், அவரு போயி வருசம் திரும்பறதுக்குள்ள முடிக்கணும்னு வச்சிட்டாங்க. நேத்து அக்கா வெத்தல பாக்கோட வூட்டுக்கு வந்துது. பொண்ண உன் வண்டிலதான் அழைக்கணும், அவரு இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாருன்னுது. வாசல்ல செருப்ப மாட்டும்போது திரும்பி சொல்லுது, பூ கட்டனப்புறம் வழியில யாரு கெஞ்சனாலும் ஏத்திடாதப்பான்னு.