தமிழில் சொன்னால்தான்

மாலை ஆறு மணி. டிசம்பர் மாதத்து இருட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். பட்டான்செரு போகிற பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து, பாறைகளுக்கு நடுவே உள்ளே போகிறது ஒரு செம்மண் பாதை. ஞாயிற்றுக்கிழமை என்று வந்த கார்களெல்லாம் திரும்பிப் போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் கேட் ஓரமாக நிற்கிறது...

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. போர்வை பற்றவில்லையென்றால் இரண்டு பேர் ஒன்றில் ஒண்டிக்கொள்ளுங்கள். எழுந்து போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பாதிக் கதையில் யாரும் தனியாக மாடிப்படி இறங்க வேண்டாம்.

இது நம் மூன்றாம் மாடி விஜயகுமாரியின் தம்பி வீட்டில் பல வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. தம்பி கிருஷ்ணகுமார் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். சாஃப்ட்வேர் வேலை. மனைவி சாருலதா அம்பாசமுத்திரத்துப் பெண். ஒரே மகள், தாரிணி. எட்டு வயது. மியாப்பூர் பக்கம் புது ஃபிளாட்.

தாரிணிக்குத் தமிழ் புரியும். ஆனால் வாயில் வராது. அம்மா தமிழில் கேட்டால் மகள் இந்தியில் பதில் சொல்வாள், தெலுங்கில் கோபப்படுவாள், இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பாள். இந்த ஊரில் பிறந்த நம் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே. நீங்களும்தான்... சிரிக்காதீர்கள்.

சாருலதாவின் அப்பா ஊரிலிருந்து வாரா வாரம் ஃபோன் செய்வார். பேத்தி ஏதோ சொல்வாள். "பிள்ள என்னட்டி சொல்லுதா?" என்று மகளைக் கேட்பார். கேட்டுக் கேட்டே, ஒரு வார்த்தையும் விளங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்து ஹைதராபாத் திரும்பிய அன்று சாருலதா ஒரு சட்டம் போட்டாள். தமிழில் கேட்டால்தான் பதில். மற்றபடி மகள் என்ன சொன்னாலும் காதில் விழாதது போல இருந்துவிடுவது.

"மம்மி, ஔர் ஏக் தோசா." இன்னொரு தோசையாம். காதில் விழவில்லை. "மம்மி, டம்மி ஏக்கிங்." காதில் விழவில்லை. மகளும் அம்மா மாதிரியே அழுத்தக்காரி. வயிற்று வலியோடு போய்ப் படுத்துக்கொண்டாளே தவிர, இறங்கி வரவில்லை.

"நக்கோ சாரு, வேணாம் விடு. ஏன் குழந்தையப் படுத்துற? ஆம்புலன்ஸ் வந்தாலும் தமிழ்ல சைரன் அடிக்கணும்பியா?" என்பான் கிருஷ்ணகுமார்.

"நீங்க சும்மா இரிங்க. உங்க ஊட்டுல மூணு தலைமுறையா நக்கோ நக்கோன்னுதான் தமிழ் வளத்திய."

இப்படி ஆறு மாதம் ஓடியது.

முதலில் சொன்னேனே, அந்தச் செம்மண் பாதை போய்ச் சேருவது ஒரு காட்டில். அந்தக் காட்டை வனத்துறை அப்போதுதான் நடைபாதை போட்டுத் திறந்துவிட்டிருந்தது. மரத்துக்கு மரம் பெயர்ப் பலகை. மயில் உண்டு, மான் உண்டு. சீத்தா மரங்கள். யாரோ ஒன்றின் மேல் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டுப் போனது போன்ற உருண்டைப் பாறைகள். வாரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்த கண்களுக்குக் கொஞ்சம் பச்சை காட்டலாம் என்று ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். இருட்டும் நேரம் காவலாளி விசில் ஊதுவார். எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அந்த டிசம்பர் ஞாயிறு, கேட்டுக்கு வந்ததுமே கிருஷ்ணகுமாருக்கு அமெரிக்காவிலிருந்து ஃபோன். உள்ளே போனால் சிக்னல் கிடைக்காது. "நீங்க போங்க, நான் கார்லயே இருக்கேன்" என்றான். அம்மாவும் மகளும் மட்டும் நடந்தார்கள்.

மயில் பார்த்தாயிற்று. ஒரு இறகும் கிடைத்தது. திரும்புகிற வழியில் தாரிணி, "மம்மி, பானி" என்றாள். தண்ணீர் பாட்டில் சாருலதாவின் தோள்பையில்தான் இருந்தது. அவள் பாட்டுக்கு நடந்தாள். "மம்மி, பானி தோ நா!" சாருலதா ஒரு மரத்தின் பெயர்ப் பலகையை வாசித்தாள். பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. கோபித்துக்கொண்டு பாறைப் பக்கம் போகிறாள்... போகட்டும், வருவாள்.

தூரத்தில் விசில் சத்தம்.

காற்று திரும்பியது. பட்டான்செருவின் மருந்து ஃபாக்டரிகளிலிருந்து சாயங்காலம் வரும் அந்த வாடை, அழுகின முட்டைக்கோஸில் ஆஸ்பத்திரியைக் கலந்தது போல, மரங்களுக்கு நடுவே இறங்கியது. மயில்கள் கத்துவதை நிறுத்தின. 

"ஏட்டி தாரிணி! விசில் ஊதியாச்சு, வா!"

பாறைகளுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "மம்மி, ஐ ஆம் ஹியர். மை லெக் இஸ் ஸ்டக்."

கால் மாட்டிக்கொண்டதாம். சாருலதாவுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டடி எடுத்து வைத்தவள், நின்றாள். போன வாரம் இப்படித்தான், விரல் கதவில் மாட்டிக்கொண்டது என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"தமிழ்ல சொல்லு. அம்மா வாரேன்."

"மம்மி, ப்ளீஸ்..."

"தமிழ்ல."

"அம்மா, ரா அம்மா! காலு இருக்குந்தி!" இப்போது தெலுங்கில். குரலில் அழுகை வந்துவிட்டது.

அந்த இடத்தில் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரே ஒரு சொல்தானே, இவளுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம்? இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் ஆறு மாதமும் வீண்... இப்படி நினைத்துக்கொண்டு நின்றாள், அந்தப் பாவி.

"தமிழ்ல சொன்னாத்தான் வருவேன், பாத்துக்கோ."

பாறைப் பக்கம் சத்தம் அடங்கியது.

எங்கோ ஒரு ஆட்காட்டிக் குருவி அலறிக்கொண்டு எழுந்து பறந்தது. அதற்குப் பிறகு... இலைகூட அசையவில்லை.

"இங்கதான் இருக்கேம்மா."

முதுகுக்குப் பின்னால். வெகு அருகில். சுத்தமான தமிழில்.

சாருலதாவுக்கு உடம்பெல்லாம் பூத்தது. பாறைப் பக்கமிருந்த பிள்ளை எப்படிப் பின்னால் வந்தாள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை. கையைப் பின்னால் நீட்டினாள். சின்னக் கை ஒன்று வந்து அதற்குள் அடங்கியது. இப்போதுதான் கழுவிவிட்டு வந்தது போல ஈரம். சில்லென்று.

"இன்னொரு மட்டம் சொல்லுட்டி, என் தங்கம்."

"இருட்டுது. வாம்மா, வீட்டுக்குப் போவோம்."

நடந்தார்கள். சாருலதாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அப்பா இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். கேட் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தபோது, பின்னால் வெகு தூரத்தில் ஒரு குரல்.

"மம்மி! வெயிட்! மம்மி!"

அவள் நடை தயங்கியது. கைக்குள் இருந்த கை, மெதுவாக இழுத்தது.

"அது யாரோ பொண்ணும்மா. நமக்கு எதுக்கு?"

ஆமாம், யாரோ பெண். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே கூப்பிடுகின்றன. அதன் அம்மா பக்கத்தில் இருப்பாள்... சாருலதா நடந்தாள். பின்னால் காவலாளி கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டார்.

கார்க் கதவைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. அதே மஞ்சள் கவுன். அதே கிளிப். தாரிணிதான். சந்தேகமே இல்லை.

இரண்டு நாள் அந்த வீட்டில் திருவிழா. விஜயகுமாரி ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தாள். "ஹவ்! ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரல பாரு. டிவிய என்னமோ பெட்டிங்குறா!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய விரலை ஏனோ புடவையில் துடைத்துக்கொண்டாள். செம்மண் ஈரமும் அழுகின சீத்தாப்பழமும் கலந்த ஒரு வாடை. தலைக்குக் குளிப்பாட்டியும் போகவில்லை.

சாருலதாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இது எந்த ஊர்த் தமிழ்? என் ஊரும் இல்லை, இந்த ஊரும் இல்லை. பிள்ளை இதை யாரிடம் கற்றாள்?

மூன்றாம் நாள் சாயங்காலம், தாரிணியின் கீழ் வீட்டுச் சிநேகிதி வாசலில் வந்து நின்றாள். தினமும் வருகிற பெண்தான். "தாரிணி, கேல்னே ஆ ரஹி க்யா?" என்றாள். விளையாட வருகிறாயா என்று.

தாரிணி அவளையே பார்த்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு என்னம்மா சொல்லுது?"

சாருலதா கையிலிருந்த தோசைக் கரண்டி தரையில் விழுந்தது.

இந்தியிலேயே கனவு கண்டு, தூக்கத்திலும் இந்தி உளறுகிற பிள்ளை, கண்ணுகளா...

"வம்பு பண்ணுறா, உன்ன மாதிரியே. நீதானே கேட்ட?" என்றான் கிருஷ்ணகுமார், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

யாரிடம் போவாள்? போலீசிடம் போய்ப் பிள்ளையைக் காணோம் என்றால், வீட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிற பிள்ளையைக் காட்டிச் சிரிப்பார்கள். காட்டைத் தேடச் சொன்னால், யாரைத் தேட என்பார்கள். ஒருத்தியும் தொலையவில்லையே!

மறுநாள் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள். காவலாளி அவளை அடையாளம் கண்டுகொண்டார். "உதர் நக்கோ ஜாவ், அம்மா" என்றார், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாறைப் பக்கம் ஒரு பெண் குழந்தை அழுகிறதாம். ராத்திரி டார்ச் அடித்துத் தேடினார்களாம். யாரும் இல்லையாம்.

சாருலதா போனாள். பாறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு. கை நுழையாத இடுக்கு. அதன் முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையிலெல்லாம் கூப்பிட்டாள். "தாரிணி, ஆ ஜாவ்! தாரிணி, ரா ம்மா! கம், கண்ணு, கம்! பானி இருக்கு, இந்தா பானி..." பாட்டிலைத் திறந்து இடுக்கில் ஊற்றினாள். தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் கூப்பிட்டாள்.

கடைசியில் பதில் வந்தது. கல்லுக்கு உள்ளேயிருந்து. விக்கி விக்கி, தேடித் தேடி...

"அம்மா... நான்... இங்க... இருக்குது."

தமிழில்.

"நக்கோட்டி! தமிழ் வேண்டாம்! உனக்கு வந்ததப் பேசுட்டி!" என்று கல்லில் தலையை முட்டிக்கொண்டாள். காவலாளிதான் இழுத்து வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அடுத்த வருஷம் கிருஷ்ணகுமாருக்கு ஆன்சைட் வேலை கிடைத்தது. அமெரிக்காவில், டல்லாஸ். சாருலதா வர மறுத்துவிட்டாள். பேகம்பேட் ஏர்போர்ட்டில் அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக உள்ளே போயிற்று. சாருலதா கையசைக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கைவிட்ட பேய் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அங்கே தமிழ்ச் சங்கத்தில் வருஷா வருஷம் பேச்சுப் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசாம். கிருஷ்ணகுமார் ஃபோட்டோ அனுப்புகிறான். சாருலதா கவரைப் பிரிப்பதில்லை.

அவள் இப்போதும் அந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் போகிறாள். தெலுங்கு நன்றாகக் கற்றுக்கொண்டாள். இந்தியும்தான். பாறை முன்னால் உட்கார்ந்து அந்தப் பாஷைகளிலேயே பேசுகிறாள். உள்ளேயிருந்து அந்தப் பாஷைகளில் பதில் வருவதே இல்லையாம்.

விஜயகுமாரிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். போன மாதம் பார்க்கச் சகிக்காமல், வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்று கூடவே போனாள். விசில் ஊதியாயிற்று. சாருலதா எழுந்திருக்கவில்லை. விஜயகுமாரி அவள் தோளைத் தொடக் குனிந்தாள்...

அப்போது கேட்டது. எட்டு வயதுக் குரல். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வளராத குரல். திக்கவில்லை, திணறவில்லை. அம்பாசமுத்திரத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை மாதிரி, அச்சு அசலாக.

"அம்மா, இப்பம் சரியாப் பேசுதேனா?"