பக்கத்து இருக்கையில் கேட்ட சத்தம்

எனக்கு வயது நாற்பத்தொன்பது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மளிகைக் கடையின் மேல்மாடியில் மனைவியுடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். என் அக்காவின் கணவர் நடத்தும் கார் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். கடைசி ஆறு வருடமாக மின்சாரக் கார்களை மட்டும் பார்க்கிறேன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே சொல்லிவிடுவதால் பட்டறையில் என்னைக் காது மாஸ்டர் என்பார்கள். இன்று இருபத்தைந்தாம் தேதி காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

கார் விபத்தில் இறந்துபோன அம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவர். அவர் கணவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர்களுடையது நான்கு வருடப் பழைய சின்ன மின்சாரக் கார். கணவர் ஓட்டுவார், அம்மாள் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்காருவார்.

இந்த மாதம் மூன்றாம் தேதி இருவரும் காரைக் கொண்டுவந்தார்கள். வண்டி திரும்பும்போது தன் பக்கம் கீழேயிருந்து சன்னமாக ஒரு சத்தம் வருவதாக அம்மாள் சொன்னார். எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டேன். "எண்ணெய் போடாத கத்தரிக்கோல்ல வெட்டுனா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி" என்றார். அதற்குக் கணவர், "எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி. இவளுக்குத்தான் பாம்புக் காது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு காரை லிப்டில் ஏற்றிப் பார்த்ததில், அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியில் இரண்டு கிளிப் கழன்றிருந்தது. அதுதான் சத்தம் என்று முடிவுகட்டி, புது கிளிப் போட்டு, மின்சாரக் காரில் இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

பதினொன்றாம் தேதி மறுபடி வந்தார்கள். சத்தம் போகவில்லை, கூடியிருக்கிறது என்று அம்மாள் சொன்னார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டறைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் நானே மூன்று சுற்று ஓட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோதெல்லாம் அம்மாள் விரலைத் தூக்கி, "இதோ, இப்ப" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு மாதத்துக்கு முன் காது டாக்டர் என்னைப் பரிசோதித்து, சன்னமான சத்தங்கள் இரண்டு காதிலும் கேட்பதில்லை, கருவி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை என் மனைவியிடம்கூட நான் காட்டவில்லை. கருவியை மாட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைய வெட்கமாக இருந்தது. ஆகவே எனக்குக் கேட்கவில்லை என்பதற்கும் சத்தமே இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்குத் தெரியும். பட்டறையில் பெயிண்ட் அடிப்பவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. "சத்தம் எதுவும் இல்லம்மா" என்றேன். காரை லிப்டில் ஏற்றவும் இல்லை. வேலைச் சீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மாள் கணவரைப் பார்த்து, "எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ" என்றார்.

பத்தொன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு, சீருடைகளைப் பள்ளியில் கொடுக்கப் போகும் வழியில், தண்ணீர்த் தொட்டி வளைவில் அம்மாள் பக்கத்து முன்சக்கரம் மடங்கி, கார் தொட்டிச் சுவரில் மோதியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அம்மாள் இறந்துவிட்டதாக அறிந்தேன்.

இருபத்திரண்டாம் தேதி தாங்கள் அழைத்ததன்பேரில் நிலையத்து வளாகத்தில் காரைப் பார்த்தேன். சக்கரத்தைக் காரின் அடியிலுள்ள இரும்புக் கையோடு இணைக்கும் பந்து மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, தேய்ந்துபோன பந்து குழியைவிட்டு வெளியே வந்திருந்தது. இது ஒரு நாளில் ஆவதல்ல. அவ்வளவு நாளும் அது கிறீச்சிட்டிருக்கும். பதினொன்றாம் தேதி லிப்டில் ஏற்றி, கடப்பாரையால் ஒருமுறை நெம்பிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இருக்கைக்கு அடியில் பொத்தான் தைக்காத சின்னச் சட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து உதறி மடித்து இருக்கையின்மேல் வைத்தேன்.

அன்று மாலை அத்தான் என்னைத் தனியே அழைத்து, "பந்து மூட்ட மாத்தச் சொன்னோம், அவங்க வேண்டாம்னுட்டாங்கன்னு சீட்டுல ஒரு வரி சேத்துடு. இந்தப் பட்டறைய நம்பிப் பத்துக் குடும்பம் இருக்கு. உங்க அக்காவ நெனச்சுப் பாரு" என்றார். பயத்தில் சொன்னார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் எழுதவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

நேற்று மதியம் அம்மாளின் கணவர் பேருந்தில் பட்டறைக்கு வந்தார். நெற்றியில் தையல் பிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ சொன்ன சத்தம் நெஜமாவே இருந்துச்சா? இங்கேருந்து போனதுக்கப்புறம் கார்ல ஏறினா வாயே தெறக்கல. நான் கேலி பண்ணுவேன்னு" என்றார்.

இல்லை என்று சொன்னால் அவர் கொஞ்சம் நிம்மதியாகப் போவார், நானும் தப்பித்துக்கொள்வேன் என்று தோன்றியது. சொல்ல முடியவில்லை. "இருந்துச்சுங்கய்யா. அம்மாவுக்குக் கேட்டது சரிதான். எனக்குத்தான் காது போயிடுச்சு. அதை மறைச்சுட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அவ இருக்கறப்ப யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருக்கலாம் தம்பி. நீயோ, நானோ" என்றார். அதன் பிறகு எழுந்தார். நிறுத்தம்வரை கூடப் போய், பேருந்து வரும்வரை பக்கத்தில் நின்றேன்.

வேலைச் சீட்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் டாக்டர் எழுதிய சீட்டுடன் சேர்த்து இத்துடன் ஒப்படைக்கிறேன். மேலே உள்ளதை நானே ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, எல்லாம் உண்மை. பதினொன்றாம் தேதி இதே கையால்தான் 'பழுது இல்லை' என்று கையெழுத்திட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொண்டு, கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)